இங்கிலீஷ் கிராமர்ல நாம தடுக்கி விழுற இடமெல்லாம் தமிழ்லதான் இருக்கு

பத்து வருஷத்துக்கு மேல ஸ்கூல்ல இங்கிலீஷ் படிச்சிருப்போம், பன்னெண்டு டென்ஸ் டேபிள மனப்பாடம் பண்ணி அப்படியே ஒப்பிச்சிருப்போம், ஆனா ஒருத்தர் எதிர்ல நின்னு ரெண்டு கேள்வி இங்கிலீஷ்ல கேட்டா போதும், இஸ் வருமா ஆர் வருமா டிட் வருமான்னு மண்டைக்குள்ள ஓடி முடிக்கிறதுக்குள்ள அவர் கிளம்பியே போயிருப்பார். எனக்கும் அதே கதைதான். ரொம்ப லேட்டாதான் ஒண்ணு பிடிபட்டுச்சு. நான் பண்ற தப்பு எதுவும் சும்மா வரல, ஒவ்வொரு தப்புக்கும் பின்னாடி ஒரு சரியான தமிழ் வாக்கியம் உக்காந்திருக்கு, அந்த தமிழ் வாக்கியத்துக்கு இங்கிலீஷ் சட்டைய மாட்டி அனுப்புறேன், அவ்ளோதான். அதனால கிராமர் புக்க முதல் பக்கத்துல இருந்து படிக்கிறத கொஞ்சம் தள்ளி வைங்க. தமிழும் இங்கிலீஷும் எங்க பிரிஞ்சு போகுதோ அந்த இடத்த மட்டும் பிடிச்சு பிராக்டிஸ் பண்ணுங்க, சீக்கிரம் வரும்.

முதல்ல வாக்கியத்த வால்ல இருந்து பிடிங்க

தமிழ்ல வினைச்சொல் கடைசில வரும், இங்கிலீஷ்ல எழுவாய்க்கு பக்கத்துலயே வரும், இது எல்லாருக்கும் தெரியும். ஆனா அதோட நிக்கல, மத்த வார்த்தைகளும் கிட்டத்தட்ட கண்ணாடில பாக்குற மாதிரி தலைகீழா நிக்கும். 'நான் நேத்து லைப்ரரில இருந்து ஒரு புத்தகம் எடுத்தேன்' இத எடுத்துக்கோங்க. 'நான்' மட்டும் முன்னாடியே இருக்கட்டும், மீதிய கடைசில இருந்து பின்னோக்கி படிங்க. எடுத்தேன், ஒரு புத்தகம், லைப்ரரில இருந்து, நேத்து. இப்ப இங்கிலீஷ்: ஐ டுக் எ புக் ஃப்ரம் த லைப்ரரி எஸ்டர்டே. அப்படியே பொருந்துது பாருங்க. 'லைப்ரரில இருந்து'ங்கிறதுக்கு உள்ளயும் அதே தலைகீழ்தான், நம்ம உருபு வார்த்தைக்கு பின்னாடி ஒட்டும், அவங்க ஃப்ரம் வார்த்தைக்கு முன்னாடி நிக்கும். 'நேத்து நான் வாங்கின புத்தகம்'னா த புக் ஐ பாட் எஸ்டர்டே, இதுவும் அதே திருப்பல்தான். எல்லா வாக்கியத்துக்கும் இது நூத்துக்கு நூறு பொருந்தாது, ஆனா ஆரம்பத்துல கை பிடிச்சு நடக்க இது போதும்.

இந்த வரிசை விஷயத்துல ஏன் இவ்ளோ கண்டிப்புன்னா, தமிழ்ல யார் செஞ்சா யாருக்கு நடந்துச்சுன்னு உருபு சொல்லிடும். 'நாய் பூனைய துரத்துச்சு', 'பூனைய நாய் துரத்துச்சு' எப்படி மாத்தி போட்டாலும் ஓடுறது பூனைதான். இங்கிலீஷ்ல பெயர்ச்சொல்லுக்கு அந்த உருபு கிடையாது, நிக்கிற இடம்தான் உருபு. த டாக் சேஸ்ட் த கேட்னா நாய் துரத்துது, இடத்த மாத்தினா பூனை நாய துரத்த ஆரம்பிச்சுடும்.

அப்புறம் நாம எழுவாய சாதாரணமா முழுங்கிடுவோம். 'வந்தேன், பாத்தேன், போயிட்டேன்' இதுல நான்ங்கிற வார்த்தையே இல்ல, கடைசில வர்ற 'ஏன்'ங்கிற விகுதிலயே நான் ஒளிஞ்சிருக்கு. இங்கிலீஷ்ல அது நடக்காது, கட்டளை வாக்கியத்த விட்டா ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு ஆள் முன்னாடி நின்னே ஆகணும், ஆளே இல்லாத வாக்கியத்துக்குக்கூட ஒரு டம்மிய கூட்டிட்டு வந்து நிறுத்துவாங்க. 'மழை பெய்யுது' இட் இஸ் ரெய்னிங். 'மணி அஞ்சு' இட் இஸ் ஃபைவ். 'இருட்டிடுச்சு' இட் இஸ் டார்க். இந்த இட் எதையும் குறிக்கல, சும்மா காலி சீட்ட நிரப்புறதுக்கு வந்து உக்காந்திருக்கு.

அதே மாதிரி 'அவர் டாக்டர்'னு நாம ரெண்டே வார்த்தைல முடிச்சிடுவோம், நடுவுல வினைச்சொல்லே இல்ல. இங்கிலீஷ்ல வினைச்சொல் இல்லாம வாக்கியம் நிக்காது, அதனால ஹீ இஸ் எ டாக்டர். ஆரம்பத்துல இந்த இஸ், ஆம், ஆர் விட்டுப்போறது இதனாலதான். சிலர் அதுக்கு பயந்து எல்லா இடத்துலயும் இஸ் போட்டு ஹீ இஸ் கோ, ஹீ இஸ் வொர்க்னு ஆரம்பிச்சிடுவாங்க, அது இன்னொரு பள்ளம். இந்த மாதிரி இடத்துல இஸ் வந்தா அடுத்த வினைக்கு இங் வரணும், ஹீ இஸ் வொர்க்கிங், இல்லன்னா இஸ்ஸே வேணாம், ஹீ வொர்க்ஸ் போதும்.

எஸ் ஒண்ணுதான், அதுக்கு இவ்ளோ அலுப்பா

ஹீ, ஷீ, இட் வந்தா நிகழ்கால வினைக்கு எஸ் சேர்க்கணும்னு சொன்னா எல்லாரும் சலிச்சுக்கிறோம். ஆனா நம்மள பாருங்க. போறேன், போற, போறான், போறா, போறார், போறாங்க, போகுது. ஆளுக்கு ஒரு விகுதி, மூணு வயசு குழந்தைகூட தப்பில்லாம சொல்லும். இங்கிலீஷ்ல இந்த மொத்த சட்டமும் உதிர்ந்து போய் ஒரே ஒரு எஸ் மட்டும் மிச்சம் இருக்கு. ஐ கோ, யூ கோ, வீ கோ, தே கோ, ஹீ கோஸ். 'அவன் போறேன்'னு யாராவது சொன்னா நமக்கு எப்படி காது கூசுமோ அப்படித்தான் ஹீ கோன்னு சொன்னா அவங்களுக்கு இருக்கும். அத ரூலா நினைக்காம விகுதியா நினைச்சா தானா ஒட்டிக்கும்.

யூ பத்தி ஒரு விஷயம், கிராமருக்கு தேவையே இல்ல ஆனா எனக்கு பிடிச்சது. ஒரே ஒரு ஆள்கிட்ட பேசும்போதும் ஏன் யூ ஆர், ஏன் யூ இஸ் இல்லன்னு யோசிச்சிருக்கீங்களா? பழைய இங்கிலீஷ்ல நீக்கு தௌன்னு தனி வார்த்தை இருந்துச்சு, யூங்கிறது பலரையும் மரியாதைக்குரியவரையும் கூப்பிடுற வார்த்தை, நம்ம நீங்க மாதிரியே. போகப்போக நீ செத்துப்போய் நீங்க மட்டும் நின்னுடுச்சு. அதனால யூ ஆர்னா 'நீங்க இருக்கீங்க', பன்மைதான். மரியாதை காட்டணும்னா அங்க விகுதில காட்ட முடியாது, குட் யூ, வுட் யூ, ப்ளீஸ்னு வாக்கியத்துல காட்டணும்.

நம்ம அவங்க, அவர் விஷயத்துல உஷாரா இருங்க. மரியாதையா பேசும்போது ஆணா பொண்ணாங்கிறது வார்த்தைல தெரியாமலே நாம கதை சொல்லி முடிச்சிடலாம், அந்த பழக்கத்துல மேடத்த பத்தி பேசும்போது ஹீன்னு வாய் வந்துடும். இதுக்கு வைத்தியம் ஒண்ணும் இல்ல, ஷீ போட்டு நிறைய வாக்கியம் சத்தமா சொல்லணும், அவ்ளோதான்.

எனக்குன்னு ஆரம்பிச்சா இங் வேணாம்

ஐ ஆம் நோயிங், ஐ ஆம் ஹேவிங் எ பைக், ஐ ஆம் வான்டிங் இதெல்லாம் ஏன் தப்புன்னு கேட்டா ஸ்டேட்டிவ் வெர்ப்னு ஒரு லிஸ்ட் குடுப்பாங்க. லிஸ்ட் வேணாம், தமிழே சொல்லிடும். எனக்கு தெரியும், எனக்கு பிடிக்கும், எனக்கு வேணும், எனக்கு புரியுது, எனக்கு ஞாபகம் இருக்கு, எனக்கு ரெண்டு அண்ணன் இருக்காங்க. பாருங்க, எதுலயும் 'நான்' இல்ல, எல்லாமே 'எனக்கு'. ஏன்னா இதெல்லாம் நாம செய்யுற வேலை இல்ல, நமக்குள்ள இருக்குற நிலைமை. இப்படி எனக்குன்னு ஆரம்பிக்கிற வாக்கியத்துல முக்கால்வாசி இங்கிலீஷ்ல இங் இல்லாம சும்மா நிக்கும். ஐ நோ, ஐ லைக், ஐ வான்ட், ஐ அண்டர்ஸ்டாண்ட், ஐ ரிமெம்பர், ஐ ஹேவ் டூ பிரதர்ஸ். பசிக்குது, குளிருது மாதிரி உடம்பு சமாச்சாரம்னா ஐ ஆம் ஹங்ரி, ஐ ஆம் கோல்ட், அங்கயும் பசிக்கிறதுக்கு தனி வினை தேட வேணாம். 'என்கிட்ட பைக் இருக்கு'ன்னு கிட்ட போட்டு சொல்றதும் இதே குடும்பம்தான், ஐ ஹேவ் எ பைக். நான் பல வருஷம் ஆபீஸ் மெயில்ல ஐ ஆம் ஹேவிங் எ டவுட்னு எழுதிட்டு இருந்தேன். அதுல ஹேவிங் ஒரு தப்பு, டவுட் இன்னொரு சிக்கல். நமக்கு சந்தேகம்னா கேள்வியும்தான், ஆனா வெளிநாட்டுக்காரர் அத படிச்சா இவருக்கு நம்ம மேல நம்பிக்கை இல்ல போலன்னு நினைப்பார். ஐ ஹேவ் எ கொஸ்டின்னு எழுதிட்டா பிரச்சனை இல்ல.

டென்ஸ்ல அஞ்சு போதும்

பன்னெண்டையும் ஒண்ணா தூக்க பாக்காதீங்க. தினமும் செய்யுறது, இப்ப செஞ்சுட்டு இருக்குறது, முடிஞ்சது, செய்யப்போறது, இந்த நாலும் வந்துட்டா ஒரு நாளோட பேச்சுல பெரும்பகுதி ஓடிடும். அஞ்சாவதா 'செஞ்சிருக்கேன்' சேர்த்துக்கோங்க.

நாம விழுற மொத இடம் பழக்கத்த சொல்றது. தமிழ்ல 'தினமும் ஆறு மணிக்கு எந்திரிப்பேன்'னு எதிர்கால வடிவத்துல சொல்றது ரொம்ப இயல்பு, 'சின்ன வயசுல நிறைய விளையாடுவேன்'னு பழைய கதைக்கும் அதே வடிவம்தான். அதனால வாய் தானா டெய்லி ஐ வில் கெட் அப் அட் சிக்ஸ்னு போகும். இங்கிலீஷ்காரருக்கு வில்னு கேட்டதும் அது இனிமே நடக்கப்போற சமாச்சாரம். பழக்கம்னா வில் எடுத்துடுங்க, ஐ கெட் அப் அட் சிக்ஸ் எவ்ரி டே. பழைய காலத்து பழக்கம்னா ஐ யூஸ்ட் டு ப்ளே.

ரெண்டாவது இடம் 'போயிருந்தேன்'. நேத்து ஒரு இடத்துக்கு போனத 'நேத்து அங்க போயிருந்தேன்'னுதான் சொல்லுவோம், அத அப்படியே எஸ்டர்டே ஐ ஹேட் கான் தேர்னு மாத்திடுவோம். ஹேட் வரணும்னா கதைல ரெண்டு பழைய சம்பவம் இருக்கணும், அதுல முன்னாடி நடந்ததுக்குதான் ஹேட். வென் ஐ கேம், த பஸ் ஹேட் லெஃப்ட், நான் வர்றதுக்குள்ள பஸ் போயிடுச்சு. ஒரே சம்பவம்னா ஐ வென்ட் தேர், அவ்ளோதான்.

'செஞ்சிருக்கேன்' ஓரளவுக்கு ஐ ஹேவ் டன்னோட ஒத்துப்போகும். அத பாத்திருக்கேன், ஐ ஹேவ் சீன் இட். ஒரே ஒரு கண்டிஷன், எப்பன்னு நேரம் சொன்னா ஹேவ் ஓடிடும். ஐ ஹேவ் சீன் இட் எஸ்டர்டே கிடையாது, ஐ சா இட் எஸ்டர்டே.

கோ வென்ட் கான், சீ சா சீன் மாதிரி அடங்காத வினைங்க இங்கிலீஷ்ல சுமார் 200 இருக்கு. அதுல அடிக்கடி வர்ற அம்பது அறுபத மொதல்ல படிச்சா போதும், மனப்பாடம் பண்ணித்தான் ஆகணும், இதுக்கு ஷார்ட்கட் எனக்கு தெரிஞ்சு இல்ல.

டிட் வந்தா வென்ட் ஏன் கோ ஆகுது

ஐ டிட் நாட் வென்ட், டிட் யூ வென்ட், இந்த தப்ப பண்ணாத ஆளே இல்ல. நேத்து நடந்ததுதானே, அப்ப வென்ட்தானே வரணும்னு தோணும். ஆனா தமிழ்ல பாருங்க. நேத்து போனேன். இல்லன்னு சொல்லணும்னா 'போனேன் இல்ல'ன்னா சொல்றோம்? போகல. நான் போகல, அவன் போகல, அவங்க போகல, காலமும் காணோம் ஆளும் காணோம், போகங்கிற வெறும் வினை மட்டும் நிக்குது, கூட 'இல்ல' ஒட்டிக்கிச்சு. இங்கிலீஷ்ல நடக்குறதும் இதேதான், டிட் நாட் வந்து காலத்த தன் தோள்ல போட்டுக்கிச்சுன்னா கோ வெறுங்கையோட நிக்கலாம். டஸ் வந்தா எஸ்ஸும் அதுக்கே போயிடும், ஹீ டஸ் நாட் கோ, கோஸ் இல்ல. ஒரு வாக்கியத்துல காலத்த ஒரு ஆள் தூக்கினா போதும்னு ஞாபகம் வச்சுக்கோங்க.

கேள்விக்கு நாம வாலுல ஒரு ஆ போட்டா முடிஞ்சுது, வந்தியா, போனாரா, தெரியுமா. அந்த ஆவ பிடுங்கி வாக்கியத்துக்கு தலைல வச்சா அதுதான் டூ, டஸ், டிட். டிட் யூ கம், டிட் ஹீ கோ, டூ யூ நோ. இஸ், ஆர், கேன், வில் ஏற்கனவே வாக்கியத்துல இருந்தா டூ வேணாம், அதையே தூக்கி முன்னாடி வச்சிடலாம். யூ ஆர் கமிங், ஆர் யூ கமிங்.

இத நல்லா பழகின உடனே அடுத்த தப்பு ஆரம்பிக்கும், எனக்கு ஆரம்பிச்சுது. 'அவர் எங்க இருக்கார்னு தெரியல'ங்கிறத ஐ டோன்ட் நோ வேர் இஸ் ஹீன்னு திருப்பிடுவோம். கேள்வி இன்னொரு வாக்கியத்துக்கு உள்ள போய் உக்காந்துட்டா அது கேள்வி இல்ல, திருப்பல் தேவையில்ல. ஐ டோன்ட் நோ வேர் ஹீ இஸ்.

இன்னொண்ணு, 'நீ வரலையா'ன்னு கேட்டா 'ஆமா, வரல'ன்னு சொல்லுவோம். டிடன்ட் யூ கம்முக்கு யெஸ்னு சொல்லி நிறுத்தினா வந்தேன்னு அர்த்தமாயிடும். வரலன்னா நோ, ஐ டிடன்ட். கேள்வி எப்படி இருந்தாலும் கவலைப்படாம நடந்தா யெஸ், நடக்கலன்னா நோ.

எ, அன், த

இதுதான் எல்லாத்துலயும் கஷ்டம், ரொம்ப நல்லா இங்கிலீஷ் எழுதுறவங்ககூட இதுல சறுக்குவாங்க, அதனால இதுல தப்பு வந்தா ரொம்ப வருத்தப்படாதீங்க.

எ, அன் ஈசி. எங்கிறது ஒண்ணுங்கிற பழைய வார்த்தைல இருந்து தேஞ்சு வந்தது, நம்ம ஒன்றுல இருந்து ஒரு வந்த மாதிரியே. நம்ம ஸ்கூல்ல ஒரு, ஓர் படிச்சோமே, ஒரு வீடு, ஓர் ஊர், உயிரெழுத்து முன்னாடி ஓர் வரும்னு, அதே ரூல்தான் அங்கயும். எ புக், அன் ஆப்பிள். ஒரே வித்தியாசம், எழுத்த பாக்காதீங்க, சத்தத்த கேளுங்க. யூனிவர்சிட்டி எழுத்துல உயிரெழுத்து, ஆனா வாயில யூன்னுதான ஆரம்பிக்குது, அதனால எ யூனிவர்சிட்டி. ஹவர்ல முதல் எழுத்து ஊமை, அதனால அன் ஹவர். எம்பிஏ கூட அன் எம்பிஏதான், எம்ங்கிறது 'எ'ன்னு உயிரெழுத்துல ஆரம்பிக்கிற சத்தம். இந்த ஒட்டல்ல இங்கிலீஷ்காரங்களே ஏமாந்திருக்காங்க, ஏப்ரன்ங்கிற வார்த்தை முன்னாடி நேப்ரன், எ நேப்ரன்ன அன் ஏப்ரன்னு காது தப்பா பிரிச்சதுல முதல் எழுத்தே போயிடுச்சு.

த எப்ப வரும்? கேக்குறவர் திரும்ப 'எந்த'ன்னு கேக்க தேவையில்லன்னா த. இதுக்கும் தமிழ்ல ஒரு க்ளூ இருக்கு, யாரும் சொல்லித்தர்றது இல்ல. 'புத்தகம் வாங்கினேன்', 'புத்தகத்த வாங்கினேன்' ரெண்டும் ஒண்ணா? மொதல்ல ஏதோ ஒரு புத்தகம், ரெண்டாவதுல நாம ஏற்கனவே பேசின அந்த புத்தகம். உயிரில்லாத பொருளுக்கு ரெண்டாம் வேற்றுமை உருபு வெளிய தெரிஞ்சா பெரும்பாலும் அங்க த. ஐ பாட் எ புக், ஐ பாட் த புக். மனுஷங்கள சொல்லும்போது இந்த க்ளூ வேலை செய்யாது, அங்க உருபு பெரும்பாலும் வந்துடும், அப்ப 'எந்த' டெஸ்ட்தான்.

பொதுவா சொல்லும்போது பன்மைக்கு எதுவும் வேணாம், டாக்ஸ் பார்க், நாய்ங்க குரைக்கும். ஊர், ஆள் பேருக்கும் பெரும்பாலும் வேணாம். எண்ண முடியாத வார்த்தைங்கள கவனிங்க, இன்ஃபர்மேஷன், அட்வைஸ், ஃபர்னிச்சர், லக்கேஜ், ஹோம்வொர்க், இதுக்கு எயும் வராது, கடைசில எஸ்ஸும் வராது. மாணவர்களுக்குன்னு போடுற லேர்னர்ஸ் டிக்‌ஷனரில வார்த்தை பக்கத்துல சி, யுன்னு குறி இருக்கும், சின்னா எண்ணலாம், யுன்னா எண்ண முடியாது, புது வார்த்தை பாக்கும்போது அர்த்தத்தோட அதையும் பாத்துடுங்க. எண்ண முடிஞ்சதுக்கு மறக்காம எஸ் போடுங்க, நாம 'ரெண்டு புத்தகம்'னு ஒருமைலயே விட்டுடுவோம், அங்க டூ புக்ஸ்தான்.

ப்ரெபோசிஷன் பத்தி அதிகம் சொல்ல மாட்டேன். மணிக்கு அட், நாளுக்கு ஆன், மாசத்துக்கும் வருஷத்துக்கும் இன், அட் ஃபைவ், ஆன் மண்டே, இன் ஜூன், இன் 2010. மத்தத எல்லாம் வினையோட சேர்த்து ஒரே வார்த்தையா படிங்க. தமிழ் உருபு சும்மா இருக்காது, 'அத பத்தி பேசினோம்'ங்கிற பத்தி வந்து டிஸ்கஸ்டு அபவுட் ஆகும், 'அவரோட கல்யாணம்'ங்கிற ஓட வந்து மேரீடு வித் ஆகும். டிஸ்கஸ்டு இட், மேரீடு ஹிம், நடுவுல எதுவும் இல்ல. டெல்லுக்கு டு வேணாம், டெல் மீ, ஆனா எக்ஸ்ப்ளெயினுக்கு வேணும், எக்ஸ்ப்ளெயின் இட் டு மீ. ஏன்னு கேட்டா பதில் கிடையாது, அது அப்படித்தான்.

எப்படி பிராக்டிஸ் பண்றது

தினமும் அஞ்சு வாக்கியம், அதுக்கு மேல வேணாம், ஆனா உங்க சொந்த வாழ்க்கைல அன்னைக்கு நிஜமா நடந்தத எழுதுங்க. ஒவ்வொண்ணையும் மூணு விதமா மாத்துங்க, நடந்தது, நடக்கல, நடந்துச்சா. ஐ கால்ட் ஹிம், ஐ டிட் நாட் கால் ஹிம், டிட் ஐ கால் ஹிம். அப்புறம் நானுக்கு பதிலா அவள போட்டு ஒரு தடவ, நேத்துக்கு பதிலா தினமும்னு போட்டு ஒரு தடவ, எல்லாத்தையும் வாய்விட்டு சொல்லணும். கண்ணால படிச்சா புரிஞ்ச மாதிரி இருக்கும், வாய்க்கு அது தெரியாது.

ஒரு தப்பு நோட்டு வச்சுக்கோங்க. யாராவது திருத்தினாலோ ஃபோன்ல கிராமர் செக்கர் சிவப்பு கோடு போட்டாலோ, சரியான வாக்கியத்த மட்டும் எழுதாம பக்கத்துல எந்த தமிழ் வாக்கியம் உங்கள அங்க இழுத்துட்டு போச்சுன்னும் எழுதுங்க. எனக்கு நோட்டு அரைவாசி நிரம்பும்போது பாத்தா நான் பண்றது மொத்தமே ஏழெட்டு தப்புதான், அதையே திரும்ப திரும்ப வேற வேற வேஷத்துல பண்ணிட்டு இருந்திருக்கேன். அதுல இன்னும் சரியா போகாதது 'தான்'. 'இங்கதான் இருக்கேன்'னு நினைச்சுட்டு ஐ ஆம் ஹியர் ஒன்லின்னு இன்னைக்கும் வாய் தவறி வந்துடும்.

படிக்கிறதுக்கு உங்க லெவலுக்கு ஒரு படி கீழ உள்ளத எடுங்க, ஒரு பக்கத்துல ரெண்டு மூணு வார்த்தைக்கு மேல தெரியாம இருந்தா அது இப்போதைக்கு கஷ்டம். ஒரு பத்தி படிச்சு முடிச்சதும் மூடி வச்சுட்டு அதையே தமிழ்ல எழுதுங்க, மறுநாள் அந்த தமிழ பாத்து திரும்ப இங்கிலீஷ்ல எழுதி ஒரிஜினலோட ஒப்பிட்டு பாருங்க, எங்கெல்லாம் த விட்டுச்சு எங்கெல்லாம் இஸ் கூடுச்சுன்னு வாத்தியார் இல்லாமலே தெரிஞ்சிடும்.

இப்படி ஒரு மூணு மாசம் போனதுக்கு அப்புறம் அந்த பழைய பன்னெண்டு டென்ஸ் டேபிள எடுத்து பாருங்க, பாதிக்கு மேல ஏற்கனவே வாயில இருக்கும். அதுல ஃப்யூச்சர் பெர்ஃபெக்ட் கன்டின்யூயஸ்னு கடைசி கட்டத்துல ஒண்ணு இருக்கும், அத நான் பரீட்சைக்கு அப்புறம் இன்னைக்கு வரைக்கும் ஒரு தடவகூட வாயத்திறந்து பேசினது இல்ல.